டைம்அவுட் முந்திக்கொண்டால்: டிரைவருக்குள் பூட்டா, கெர்னலே காத்திருப்பதா?

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டை (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை கொடுப்பதை) வைத்துச் சொன்னால் இந்தச் சிக்கல் உடனே பிடிபடும். விடியற்காலையில் கிராணி (தோட்டக் கணக்கர்) பேர் பதிந்து, பால் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரையைக் கொடுத்துவிட்டார். ஆள் இன்னும் லயத்து வீட்டில் வாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நேரமாகிவிட்டது, ஆள் வரவில்லை என்று அதே நிரையை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டால் ஒரே மரத்தில் இரண்டு கத்தி விழும்.

லினக்ஸில் டிஸ்க் போன்ற சாதனங்களை ஓட்டுவது பிளாக் டிரைவர்; அதற்கு வரும் ஒவ்வொரு ரீட், ரைட் வேலையும் ஒரு ரிக்வெஸ்ட். இங்கே பேர் பதிவது 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட்'. பதிலுக்கான கெடுவை எண்ணும் டைம்அவுட் கடிகாரம் அங்கேயே ஓடத் தொடங்கிவிடும். ரிக்வெஸ்ட் வன்பொருளுக்குப் போவது அதற்குப் பிறகுதான். பதிவைத் தள்ளிப்போடவும் முடியாது. பதிவதற்குள் வேலை முடிந்து பதில் வந்துவிட்டால் அது வேறு குழப்பம். ஆகவே அந்த இடைவெளி எப்போதும் இருக்கும்.

பாடாங் செராயில் இருந்துகொண்டு, ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக் கணினிக்கு நான் சிறிய டிரைவர் ஒன்றைப் பராமரிக்கிறேன். அது ஓடுவது விர்ச்சுவல் மெஷினில். வழக்கமான 30 விநாடி டைம்அவுட்டை நான் 2 விநாடியாகக் குறைத்திருந்தேன். ஒருநாள் ஹோஸ்டில் மெமரி நெருக்கடி. ரிக்வெஸ்ட்டைப் பதிந்து வன்பொருளுக்கு அனுப்பும் டிரைவர் ஃபங்ஷனான 'கியூ ஆர்க்யூ' பாதியில் இருக்கும்போதே அந்த விர்ச்சுவல் சிபியு உறைந்து நின்றது. டைம்அவுட் வேறொரு சிபியுவில் ஓடி, அதே ரிக்வெஸ்ட்டை மீண்டும் வரிசையில் போட்டது. இரண்டு முறை டிஸ்பாட்ச் ஆனதும் கெர்னல் பேனிக், அதாவது கணினியே நின்றுபோனது. குலை ஏற்றிய லாரிகள் வெளியே நின்றன.

முதலில் டிரைவருக்குள்ளேயே பூட்டுப் போட்டேன். நெட்வொர்க் வழி டிஸ்க்குக்கான என்பிடி டிரைவர் செய்வது போல: ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு), 'கியூ ஆர்க்யூ' ஓடும்போது அதைப் பிடித்திருக்கும், டைம்அவுட் வந்தால் அதைப் பிடித்துப் பார்க்கும், கிடைக்காவிட்டால் 'ரீசெட் டைமர்', அதாவது கடிகாரத்தை மறுபடி ஓட்டு, என்று திரும்பிவிடும். பழைய கெர்னலிலும் இது வேலை செய்யும். கெர்னலை மாற்ற முடியாதவர்களுக்கு இதுதான் வழி.

இரண்டாவது வழி 6.2 கெர்னலில் வந்தது. டைம்அவுட் வேலை முதல் சுற்றில் கெடு தாண்டியவை உண்டா என்று மட்டும் பார்க்கும். இருந்தால், நடந்துகொண்டிருக்கும் எல்லா 'கியூ ஆர்க்யூ'களும் முடியும்வரை காத்திருக்கும். இரண்டாம் சுற்றில்தான் கைவைக்கும், அதுவும் முதலில் குறித்த நேரத்தின்படி கெடு தாண்டியவற்றில் மட்டும். 'கியூ ஆர்க்யூ' நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் ஆர்சியு காவல் (கெர்னலின் மலிவான காத்திருப்பு முறை) டிஸ்பாட்ச் பாதையில் ஏற்கெனவே இருப்பதால் ஒவ்வொரு ரீட், ரைட்டுக்கும் புதுச் செலவு இல்லை. காத்திருப்பது டைம்அவுட் மட்டுமே. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. டிரைவருக்குள் பூட்டு வைத்த மாதங்களில், புதிதாக ஒரு பிழைப்பாதை சேர்க்கும்போதெல்லாம் பூட்டை எங்கே விடுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை விட மறந்தேன். அந்த ரிக்வெஸ்ட்டின் டைம்அவுட் ஒவ்வொரு முறையும் 'ரீசெட்' ஆகி, அது முடியவே இல்லை. பேனிக் என்றால் கண்ணுக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எல்லா டிரைவருக்கும் பொதுவான இடைவெளியை ஒவ்வொருவரும் தனித்தனியாக அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 6.6க்கு மாறியதும் அந்தப் பூட்டை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

ஆனால் எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. டைம்அவுட்டும் பதிலும் ஒரே நேரத்தில் வந்தால் யார் முடிப்பது என்பது இன்னமும் டிரைவரின் பொறுப்பு. டிஸ்க்குகளுக்கான ஸ்கசி டிரைவர் அடுக்கு அதற்கென்று ஒரு பிட் வைத்திருக்கிறது. முதலில் அதைப் போட்டவரே முடிப்பார். அதே முறையை நானும் வைத்திருக்கிறேன்.

என் 'கியூ ஆர்க்யூ' தூங்காது, அதாவது நடுவில் எதற்காகவும் சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்காது. தூங்கக்கூடிய டிரைவர்களில் இந்தக் காத்திருப்பை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அங்கே ஒரு 'கியூ ஆர்க்யூ' மாட்டிக்கொண்டு, தன்னை விடுவிக்க டைம்அவுட்டையே நம்பியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றுவிடும். அப்படிப்பட்ட டிரைவர் வைத்திருப்பவர்கள் கெர்னலை மாற்றும் முன் அந்த ஒரு பாதையைப் படித்துப் பாருங்கள்.