கட்சீன் ஓடும்போது பேசாதீர்கள்: கூட்டுக் கமெண்டரி சேனல்கள், நீண்டநாள் பார்வையாளரின் அனுபவம்

காரைக்குடி நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. ஒருவர் மட்டும் ஆடும் சிங்கிள் பிளேயர் கேம்தான், ஆனால் இரண்டு மூன்று பேர் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே விளையாட வேண்டும்; அப்படிப்பட்ட சேனலை எப்படித் தேடுவது, எது தேறும் என்று கேட்டிருந்தார். இப்படிப் பேசிக்கொண்டே கேம் ஆடிப் பதிவு செய்து போடும் வீடியோவுக்குத்தான் லெட்ஸ் பிளே என்று பெயர். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வகை வீடியோவுக்கு உயிர் கொடுப்பவர் கன்ட்ரோலர் பிடிக்காத ஆள்தான். நம் பக்கத்துத் திண்ணையில் ஆடு புலி ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காய் நகர்த்துபவருக்குத் தெரியாத வழி, பக்கத்தில் குந்தியிருப்பவருக்குத் தெரிந்துவிடும். விளையாடுபவரின் கண் எதிரி மேலும், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் ஹெல்த் பார் மேலும் இருக்கும். மற்றவரின் கண் சும்மா இருக்கிறது. சுவரில் ஒட்டிய நோட்டீஸ், மேசை மேல் இருக்கும் போட்டோ, முந்தின காட்சியில் ஒருவர் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரண் எல்லாம் அவருக்குத்தான் முதலில் படும். ஒற்றை ஆள் கமெண்டரியில் இது கிடைக்காது. மௌனத்தை நிரப்பியாக வேண்டுமே என்று அவர் “இப்போ இந்தக் கதவைத் திறக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். கதவு திறப்பது நமக்கும்தான் தெரிகிறது. இருவர் இருந்தால் ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார், பேச்சு தானாக ஓடும்.

எந்த இருவர் என்பதும் முக்கியம். கேமை முடித்தவர் சும்மா உட்கார்ந்திருக்க, முதல்முறை ஆடுபவர் கன்ட்ரோலர் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. முடித்தவர் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். கடினமான கேமாக இருந்தால் தெரிந்தவர் ஆட, தெரியாதவர் பார்ப்பது நல்லது. ஒரே பாஸிடம் (பெரிய எதிரியிடம்) முப்பது தடவை சாவதைப் பார்க்க வேண்டியிருக்காது. இருவருக்குமே புதிது என்றால் ஒரு புதிரில் நாற்பது நிமிடம் போய்விடும். இருவருமே கரை கண்டவர்கள் என்றால் அது வேறு ரகம். சிப் சீஸம், ஜெனரல் அயர்னிகஸ் என்ற லெட்ஸ் பிளே ஜோடி மெட்டல் கியர் சாலிட் கேம்களை அப்படித்தான் செய்தார்கள். ஒளிந்துகிடக்கும் சமாசாரங்களையெல்லாம் தோண்டிக் காட்டுவார்கள். கேமை ஏற்கெனவே முடித்தவர்களுக்கு அது விருந்து.

இப்போது தேடும் வழி. “குரூப்”, “ஃபிரெண்ட்ஸ்” என்று அடித்தால் நாலு பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் வீடியோக்கள்தான் வந்து குவியும். அந்தச் சொற்களை விட்டுவிடுங்கள். கேமின் பெயரோடு ஆங்கிலத்தில் “கோ-கமெண்டரி” (கூட்டுப் பேச்சு), “பிளைண்ட்” (முதல்முறை ஆடுவது), “லெட்ஸ் பிளே” இவற்றில் ஒன்றைச் சேர்த்து அடியுங்கள். ஃபில்டரில் வீடியோ என்பதை மாற்றிப் பிளேலிஸ்ட் என்று வையுங்கள். பாதி குப்பை அங்கேயே ஒழிந்துவிடும். கிடைத்த பிளேலிஸ்டில் முதல் பகுதியைத் திறக்காதீர்கள். முதல் பகுதியில் எல்லோரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள். முதலில் கடைசி வீடியோவின் தலைப்பைப் பாருங்கள், கேம் முடிந்திருக்கிறதா என்று. பாதியில் கைவிட்ட தொடர்கள் ஏராளம். பிறகு நடுவில், உத்தேசமாக ஆறாம் பகுதியின் பத்தாவது நிமிடத்துக்குப் போய் மூன்று நிமிடம் கேளுங்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்கிறாரா, இல்லை ஆளுக்கொரு ஜோக்கைத் தனித்தனியாக அடித்துக்கொண்டு போகிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: தலைப்புகளிலும் தம்ப்நெயில்களிலும் கதை உடைந்துவிடும். கேமை நீங்களே ஆடப்போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையை வேறொரு கேமின் பிளேலிஸ்டில் செய்யுங்கள்.

தொடர் பாதியில் நிற்பதற்குச் சேனல்காரர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் பெர்சோனா 5 கேம் ஆங்கிலத்தில் வந்தபோது, கேமுக்குள் ஓடும் காலண்டரில் ஜூலை 7-க்குப் பிறகு வரும் பகுதிகளைக் காட்டக் கூடாது என்று அட்லஸ் நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே அதை கேம் காலண்டரின் நவம்பர் 19 வரை தளர்த்தியது. லைவாக ஆடி ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் மட்டும் விட்டுவைப்பவர்களின் தொடர்கள் வேறு விதத்தில் காணாமல் போகும். அங்கே அஃபிலியேட் என்ற கீழ்நிலைக் கணக்கில் பழைய ஒளிபரப்பு 14 நாள்தான் இருக்கும், அதற்கு மேல்நிலையான பார்ட்னர் கணக்கில் 60 நாள். அது போதாதென்று கேமில் ஏதாவது பிரபலமான பாட்டு ஓடினால் ட்விட்ச் பதிவின் அந்தத் துண்டையே ஊமையாக்கிவிடும். பாட்டோடு பேச்சும் போய்விடும். லைவ் ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவுக்கென்று தனி ஆடியோ டிராக் வைக்க வழி இருக்கிறது. அதைச் செய்பவர்கள் குறைவு. ஆகவே யூடியூபில் முழுசாக ஏற்றிவைத்திருக்கும் சேனலுக்கே முதலிடம் கொடுங்கள்.

இனி என் தீராத எரிச்சல். கட்சீன், அதாவது ஆட்டம் நின்று கதைக்காட்சி மட்டும் ஓடும் இடம். கதை நகரும் நேரத்தில் மூன்று பேரும் சேர்ந்து பேசுவார்கள். இதற்குக் கெட்ட பழக்கம் ஒரு காரணம் என்றால், சவுண்ட் செட்டிங் இன்னொரு காரணம். பெரும்பாலானவர்கள் சைடுசெயின் கம்ப்ரஸர் போட்டிருப்பார்கள். மைக்கில் குரல் வந்ததும் கேம் ஒலி தானாகத் தணியும், குரல் நின்றதும் மறுபடி ஏறும். ஒரே ஆள் என்றால் இது அழகாக வேலை செய்யும். மூன்று மைக்கையும் இதில் இணைத்துவிட்டால், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டோ “ம்” போட்டுக்கொண்டோ இருப்பார். கேம் ஒலி மேலே ஏறவே ஏறாது. கட்சீனில் கதாநாயகி சாகும் இடத்தில் யாரோ முறுக்கு கடிக்கும் சத்தத்துக்கு வசனம் அமுங்கிப்போகும். கோபம் வராமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் மருந்து மிக எளிது. கேமின் செட்டிங்கில் சப்டைட்டிலைப் போட்டுவிட வேண்டும். கட்சீன் வரும்போது மைக்கை மியூட் செய்ய ஒரு பட்டன் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சேனலை எடைபோட என் முதல் அளவுகோல் இதுதான்: கேமில் சப்டைட்டில் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால், தாங்கள் பேசுவோம் என்று தெரிந்து, நமக்காக யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பழைய செட்டிநாட்டு வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) டிவி வைத்துப் பார்த்தால் இருவர் பேச்சு ஒன்றோடொன்று குழையும். உயரமான கூரை, வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஒரு குரல் அடங்குவதற்குள் அடுத்த குரல் அதன் எதிரொலி மேல் ஏறிவிடும். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். டிவிக்கு முன்னால் தரையில் ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, வால்யூமைக் குறைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். டிவியின் சவுண்ட் மெனுவில் பேச்சைத் தூக்கிக்கொடுக்கும் மோடு இருந்தால் அதையும் போடுங்கள். இயர்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டுபவர்களுக்கு இன்னொன்று: சில சேனல்களில் ஒருவர் குரலை இடப்பக்கமும் மற்றவர் குரலை வலப்பக்கமும் ஒதுக்கியிருப்பார்கள். ஒரு காதில் கேட்டால் ஒருவர் பேச்சு மங்கிவிடும். போனில் அக்ஸஸிபிலிட்டி பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவை ஆன் செய்தால் இருவரும் ஒரே காதுக்கு வந்துவிடுவார்கள்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். ஜயண்ட் பாம் என்ற கேம் தளம் 2009-ல் பெர்சோனா 4-ஐ முழுக்க ஆடிய ‘எண்டூரன்ஸ் ரன்’ இன்றைக்கும் தாங்கும். வின்னி, ஜெஃப் என இருவர், 150-க்கு மேல் பகுதிகள். அதற்கு அடுத்த வருடம் டெட்லி பிரெமொனிஷன் கேமை அதே இடத்தில் இரண்டு ஜோடிகள் தனித்தனியாக ஆடினார்கள். ஒரே காட்சிக்கு இரண்டு விதமான பேச்சைக் கேட்க விரும்புபவர்கள் விட்டுவிடாதீர்கள். கேம் கிரம்ப்ஸ் சேனல் 2012-ல் ஏரினும் ஜானும் தொடங்கியது, 2013-ல் ஜான் போய் டேன் வந்தார். அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அது இரண்டு வேறு நிகழ்ச்சிகள் போலத்தான். ஏஸ் அட்டர்னி கேமில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்து வசனத்தை கேம் கிரம்ப்ஸ்காரர்களே படிப்பதால், அங்கே என் எரிச்சலுக்கு வேலையே இல்லை. சூப்பர் பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் பிளே சேனல் 2018 டிசம்பரில் முடிந்துவிட்டது. அந்தப் பாணி பிடித்தவர்கள் அதில் இருந்த வூலியின் வூலி வெர்சஸ் சேனல் பக்கம் போகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், மதிப்பெண் கேட்டால் இந்த வகைக்கு இப்போது ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். மூன்று பேருக்கு மேல் உட்காரும் சேனல்களைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். கதைக்காக ஆடப்படும் கேமை முதல்முறையாக இவர்கள் வழியாகப் பார்க்கவும் வேண்டாம். ஒரு நல்ல காட்சி இன்னொருவரின் சிரிப்புக்கடியில் நசுங்கினால் அதைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த தடவை பார்க்கும்போது அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த காட்சியாகிவிடும்.

நண்பர் இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால் அவுட்சைட் எக்ஸ்பாக்ஸ் சேனலின் ஹிட்மேன் வீடியோக்களில் தொடங்கட்டும். ஒரே மிஷனை மூன்று பேர் மூன்று விதமாக முடிப்பார்கள். கட்சீனுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஒரு வீடியோவோடு ஒரு மிஷன் முடிந்துவிடும், பாதியில் நின்றுபோகும் பயமும் இல்லை.