படகா, விடுதியா: 2020இல் யாருக்கு அடி அதிகம்?

2020 மார்ச் 25 ஊரடங்கில் கடலூர் மீன்பிடித் துறைமுகமும் புதுச்சேரி விடுதிகளும் ஒன்றாகத்தான் ஓய்ந்தன. ஆனால் படகுக்காரர் பாடு கொஞ்சம் தேவலாம் என்பேன்.

மீன்பிடிக்கு ஏப்ரல் 10ஆம் தேதியே மத்திய அரசு விலக்கு தந்தது. சரி, கடலுக்குப் போகலாம் என்றால் ஏப்ரல் 15இல், மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் விடும் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் வந்து நின்றது. வழக்கமான 61 நாளை அந்த ஆண்டு 47ஆகக் குறைத்து மே 31உடன் முடித்தார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், சிறிய ஃபைபர் படகுகளுக்கு இல்லை. ஐஸ், லாரி, ஏலத்தில் கூட்டம் கூடக்கூடாது என்ற கெடுபிடி என்று தலைவலிகள் இருந்தாலும், பிடித்த மீனை உள்ளூரிலாவது விற்கலாம். மிஞ்சினால் கருவாடு.

விடுதி அறையைக் கருவாடு போட முடியுமா? நேற்று காலியாகக் கிடந்த அறையின் வாடகை போனது போனதுதான். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்கு வார இறுதிக் கூட்டம் சென்னை, பெங்களூரிலிருந்து வர வேண்டும். எல்லை மூடியதும் அதுவும் நின்றது. மே மாத இறுதியில் புதுச்சேரி மதுக்கடைகள் திறந்தன, கூடவே மதுவுக்குக் கோவிட் வரியும் வந்தது. விலை தமிழ்நாட்டு அளவுக்கு ஏறியதில், மலிவு மதுவுக்காக அங்கே போய்வந்த கடலூர்க்காரர்களுக்குத்தான் தனி வருத்தம்.