கதையா, சிலை விளையாட்டா, அட்டையா, திரையா? குழந்தைகளுக்கு யோகா சொல்லித்தர எது ஒத்துவரும்?

ஐந்து வயதுக் குழந்தையிடம் "முதுகை நிமிர்த்து, கண்ணை மூடு, மூச்சைக் கவனி" என்று சொல்லிப் பாருங்கள். பத்து விநாடி தாங்கினால் பெரிய விஷயம். அதனால் யோகாவை விளையாட்டாக்கித்தான் தர வேண்டும் என்பதில் சர்ச்சை இல்லை. எந்த விளையாட்டு என்பதில்தான் குழப்பம். கதை சொல்வது, பாட்டு நின்றதும் சிலையாவது, பட அட்டையும் பகடையும், காணொளியைப் பார்த்துச் செய்வது என்று நான்கு வழிகள் பரவலாக இருக்கின்றன. இவற்றை எடைபோட எனக்கு ஒரே கேள்விதான். விளையாட்டு குழந்தையை ஆசனத்தில் சற்றுநேரம் இருக்க வைக்கிறதா, சட்டென்று முடித்துவிட்டு அடுத்ததுக்கு ஓட வைக்கிறதா? ஓட வைத்தால் அதுவும் நல்ல உடற்பயிற்சிதான், ஆனால் யோகா அதில் கொஞ்சம்தான் மிஞ்சும்.

கதையில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பழைய யோக நூலான கேரண்ட சம்ஹிதை சொல்லும் 32 ஆசனங்களிலேயே சிங்கம், மீன், மயில், சேவல், ஆமை, தவளை, கருடன், வெட்டுக்கிளி, முதலை, ஒட்டகம், பாம்பு எல்லாம் உண்டு. விலங்குகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை, அவற்றைக் கோத்துக் காட்டுக்குள் ஒரு நடை போனால் போதும். மலைபோல் நிமிர்ந்து நின்று தொடங்கலாம். அப்புறம் மரம். அங்கே ஒரு பறவை வந்து உட்கார்கிறது, கிளை ஆடினால் பறந்துவிடும். இப்படிச் சொன்னால் விருட்சாசனத்தில் மூன்று நான்கு மூச்சு நிற்பதற்குக் குழந்தைக்கே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. "அசையாதே" என்று அதட்ட வேண்டியதில்லை. புஜங்காசனத்தில் பாம்பு "ஸ்ஸ்ஸ்" என்று சீறும்போதும், பிராமரியில் தேனீ ரீங்காரமிடும்போதும் வெளிமூச்சு தானாக நீள்கிறது. மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே மூச்சுப் பயிற்சி நடந்துவிடும். கதைக்கு நான் முதல் மதிப்பெண் போடுவது இதற்காகத்தான்.

குறைகளும் உண்டு. கதை ஓடுகிற வேகத்தில் மறுபக்கம் மறந்துபோகும். வலது காலில் நின்ற மரம் இடது காலில் நிற்பதே இல்லை. இரண்டாவது பறவை ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்து மரத்தில் உட்காரவையுங்கள், சரியாகிவிடும். இன்னொன்று, கதை சொல்பவருக்கு வாயும் உடம்பும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அதனால் ஐந்தாறு ஆசனங்களுக்கு மேல் இழுக்காதீர்கள். தினம் புதுக் கதை வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். சின்னக் குழந்தைகள் அதே கதையைத்தான் திரும்பக் கேட்பார்கள், நாம் ஒரு வரியை மாற்றினால் திருத்தவும் செய்வார்கள். எட்டு வயதுக்கு மேல் நிலைமை வேறு. பாம்பாக ஊர்ந்து வரச் சொன்னால் பலர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தால் சிலை விளையாட்டை எதுவும் மிஞ்ச முடியாது. பாட்டு ஓடும்போது நடக்கலாம், ஆடலாம். நின்றதும் ஆசிரியர் சொல்லும் நிலையில் உறைந்து நிற்க வேண்டும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் அமைதியாகிற அந்தக் கணத்துக்காகவே இதைச் செய்யலாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆடியவன் அவுட், ஓரமாய்ப் போய் உட்கார் என்று வைத்தால், சமநிலைப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போகும், ஏற்கெனவே நன்றாக நிற்பவர்கள் கடைசிவரை பயிற்சி எடுப்பார்கள். அவுட் என்பதையே எடுத்துவிடுங்கள். விழுந்தால் எழுந்து மறுபடி நின்றால் போதும். ஓட்டத்திலிருந்து நேராகப் போகக்கூடிய நிலைகளை மட்டும் சொல்வதும் முக்கியம். மலை, மரம், போர்வீரன்போல் காலை அகட்டி நிற்கும் வீரபத்ராசனம் சரி. முதுகை வளைக்கும் ஆசனங்களை இதில் கேட்கக் கூடாது. காலுறையைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

அட்டையும் பகடையும் வீட்டுக்கு ஏற்றவை. இரண்டு மூன்று பேர், ஒரு கட்டு அட்டை, ஒரு பகடை. அட்டை ஆசனத்தைச் சொல்லும், பகடை எத்தனை மூச்சு என்று சொல்லும். ஒன்று விழுந்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்பதால், விழுந்த எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்வது என் ஏற்பாடு. அட்டைப் படங்களைக் குழந்தையே வரைந்தால் பெயர்கள் தானாக மனதில் நிற்கும். பெற்றோரும் முறை வைத்து ஆட வேண்டும், இதில் விலக்கு கிடையாது. அப்பா படகு நிலையில் நடுங்குவதைப் பார்ப்பதற்காகவே நாளைக்கும் விளையாட வருவார்கள். சிக்கல், வரிசை தாறுமாறாக வருவதுதான். உடம்பு சூடாகும் முன்னே முதுகை வில்லாக வளைக்கும் தனுராசனம் வந்து நிற்கும். அட்டைகளை மூன்றாகப் பிரித்து, நின்று செய்பவை முதலில், குனிந்து வளைபவை அடுத்து, படுத்துச் செய்பவை கடைசியில் என்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வகுப்பறையில் மட்டும் இது எடுபடாது. ஒருவன் பகடை உருட்ட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

காணொளி எனக்குக் கடைசித் தேர்வு. திரையில் வருபவருக்கு உங்கள் குழந்தை இன்னும் கையை ஊன்றவே இல்லை என்பது தெரியாது, அவர் பாட்டுக்கு அடுத்த ஆசனத்துக்குப் போய்விடுவார். தலை கீழே தொங்க வேண்டிய அதோமுக சுவானாசனத்தில் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்ப்பதும் நல்லதில்லை. இருந்தாலும், யோகாவே பழக்கமில்லாத பெரியவருக்கு இது கைகொடுக்கும். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துப் பழகிவிட்டு, அப்புறம் திரையை அணைத்துவிட்டுக் குழந்தையோடு செய்யுங்கள்.

மூச்சு விளையாட்டுகளை நான் போட்டியில் சேர்க்கவில்லை, எல்லாவற்றோடும் ஒட்டிப்போகும் என்பதால். மல்லாந்து படுத்து வயிற்றில் பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்ப்பது, உறிஞ்சுகுழலால் பஞ்சை ஊதி நகர்த்துவது, சோப்புக் குமிழி ஊதுவது எல்லாம் சரி. சின்னக் குழந்தைகளிடம் பலூன் வேண்டாம். கிழிந்த துண்டு தொண்டையை அடைத்துவிடக்கூடும். யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார்கள் என்ற போட்டியும் எந்த வயதிலும் வேண்டாம். சிரசாசனத்தை எந்த விளையாட்டிலும் சேர்க்காதீர்கள். இன்னும் வளைகிறதா பார்ப்போம் என்று குழந்தையின் முதுகை அழுத்தவும் கூடாது.

ஆக, ஆறு வயதுக்குள் என்றால் வீடோ வகுப்போ, கதை. ஏழிலிருந்து பத்துவரை வகுப்பில் சிலை, வீட்டில் அட்டை. ஒரே அமர்வில் கலப்பதானால் சிலை விளையாட்டு முதலில் வரட்டும், துள்ளல் அடங்கியபின் கதை, வயிற்றுப் பொம்மை கடைசியில். இந்த வரிசையை மாற்றி வைத்தால், படுத்து அமைதியான பிள்ளைகளை நாமே கிளப்பிவிட்டுக் கத்த வேண்டியிருக்கும். ஆசனத்துக்கு ஒரு ஸ்டிக்கர் என்று பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண் ஸ்டிக்கர் மேலேயே இருக்கும்.

பதினொன்றைத் தாண்டியவர்களுக்கு இந்த நான்குமே சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஐந்து ஆசனங்களை அவர்களே வரிசைப்படுத்தி மற்றவர்களுக்கு நடத்திக் காட்டச் சொல்லுங்கள். ஏன் இந்த வரிசை என்று மட்டும் கேளுங்கள். முன்னால் குனிந்ததும் பின்னால் வளைவது ஏன் என்பதில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். வந்தால் குறுக்கிடாதீர்கள்.