ஒரு சீட்டுக்குப் போன இடத்தில் இரண்டு சீட்டு

திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் பீஸை டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவது என் பிழைப்பு. அதனாலேயே எந்த இடத்துக்குப் போனாலும் எனக்கு முதலில் குறைதான் கண்ணில் படும். எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் நடக்கும் மனநலம் மற்றும் குடிநோய்க்கான புறநோயாளிப் பிரிவுக்குப் பதினொரு மாதமாகப் போய்வருகிறேன். ஊர்ப்பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கள் வீதியில் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நடக்கிற பிரிவு அது. கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களிலும் இந்தத் திட்டம் இருக்கிறது. பெயரில்லாவிட்டாலும் படிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் அம்பு ஒட்ட வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு நேர் எதிரே இந்த அறை. ஊசிக்கு அழும் குழந்தைகளின் சத்தத்தில் உள்ளே டாக்டர் கேட்பது பாதி காதில் விழாது. எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு ஒன்றுதான். கூட்டமோ ஐம்பது அறுபது பேர். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. துணைக்கு இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். பதினொரு மாதத்தில் மூன்று டாக்டர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது டாக்டரிடம் சொல்லும்போது எனக்கே அது வேறு யாரோ ஒருத்தியின் கதையைப் போல இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய குறை, வரிசையை ஒழுங்குபடுத்துகிற காவலாளி. "குடி கேஸெல்லாம் இந்தப் பக்கம் நில்லுங்கள்" என்று தாழ்வாரமே கேட்கும்படி சொல்வார். ஒரு நாள் எங்கள் கம்பெனி அயர்னிங் மாஸ்டரின் மனைவி குழந்தைக்கு ஊசி போட வந்திருந்தாள். அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. உள்ளே சொல்லி முறையிட்டேன். இரண்டு வாரம் சரியாக இருந்தது, பிறகு பழையபடி ஆனது. மறுபடி போய்ச் சொன்ன பிறகு இப்போது அறை எண்ணைச் சொல்லி அழைக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இருந்தாலும் போங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, கத்தி மெஷினை அந்தக் கோட்டின் மேல் ஓட்டுகிறவர். கோடு நூலளவு பிசகினால் அடுக்கு முழுக்கப் போய்விடும். அந்த மனிதருக்குக் காலையில் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு கட்டிங் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். (கால் பாட்டிலில் பாதிக்கும் எங்கள் பக்கம் அதே பெயர்தான். கட்டிங் மாஸ்டர் என்று யாராவது சொன்னால் கொஞ்ச காலம் எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.) டாஸ்மாக் கடை மதியம் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின இரவே வாங்கி பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். 2003 நவம்பரில் எங்கள் கல்யாணம். சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் ஏற்று நடத்தத் தொடங்கியதும் அதே நவம்பரில்தான். "அக்கா கல்யாணத்துக்கு அரசாங்கம் செய்த சீர்" என்று என் தம்பி கேலி செய்வான்.

சனிக்கிழமைச் சம்பளம் ஞாயிறு சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். அது கூட எனக்குப் பழகிவிட்டது. கத்தி மெஷினில் அவர் விரல் நகத்தோடு தப்பிய நாளில்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர், "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றார். "ஒரு குவார்ட்டர்தான் டாக்டர், அதுவும் உடம்பு வலிக்கு" என்றார் இவர். நான் பின்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அளவு தெரிந்தால்தான் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க முடியும்" என்றார். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி என்பது, முப்பது மில்லியை ஓர் அளவாக வைக்கும் அவர்கள் கணக்கில் ஏறக்குறைய ஆறு அளவாம். இரண்டு என்றால் பன்னிரண்டு. பிறகு ஒரு தாளில் பத்துக் கேள்விகள். காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா, குடித்து யாருக்காவது காயம் பட்டதா என்கிற மாதிரி. மொத்தம் 40 மதிப்பெண். 20 வந்தாலே அடிமைப்பட்டிருக்கலாம் என்று பொருளாம். இவர் 29 வாங்கினார். படிக்கிற காலத்தில் கணக்கில் கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று சொல்லி, அந்த அறையில் அவரே முதலில் சிரித்தார்.

மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. இதற்கு முன் குடியை நிறுத்தியபோது ஏதாவது ஆனதா என்று கேட்டார்கள். முந்தின வருடம் தைப்பூசத்துக்குச் சிவன்மலைக்குப் போவதற்காக ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் இரவு வலிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். காற்றுக் கருப்பு என்று அத்தை வேப்பிலை அடித்தார்கள். நான் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தேன். அது பேயில்லை, நீண்ட நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் இந்த மாதிரி குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றார். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு முதல் சில நாள் வீட்டில் வைத்து மருத்துவம் சரிப்படாது என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் அங்கே இருந்தார். நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. குடித்துக் கிடப்பவருக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் புறநோயாளிப் பிரிவின் வேலை தொடங்கியது. குடி நினைப்பைக் குறைக்கிற மாத்திரை, வேளைக்கு இரண்டாக நாளுக்கு ஆறு. டிபன் பாக்ஸின் மேல் தட்டில் வைத்து அனுப்புவேன். இரண்டு முறை அந்த மாத்திரை இருப்பில் இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். மூன்று அட்டை வாங்கினால் என் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் போய்விடும். இதற்கும் ஒரு அம்பு.

நான் செய்த ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது செய்யாமலிருக்க. பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, 'குடியை மறக்கடிக்கும் பொடி' வாங்கி, அவருக்குத் தெரியாமல் அரிசி பருப்புச் சோற்றில் கலந்து போட்டிருக்கிறேன். ஒரு இரவு முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து ஆள் சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே உளவியலாளரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் போன்ற மருந்தாக இருந்தால், அதைத் தின்றுவிட்டு மேலே குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகவும் கூடும். முறையாகக் கொடுப்பதென்றால் குடிப்பவரின் சம்மதத்தோடு, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். "அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றும் சொன்னார். சொன்னேன். இரண்டு நாள் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. பிறகு சாப்பிட்டார்.

இதற்கு முன் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்திலும் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். மூன்று மாதம் பூட்டி வைத்தார்கள், பணம் கட்டினோம், வெளியே வந்த மூன்றாம் நாள் குடித்தார். அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

இனி அந்த இரண்டாவது சீட்டு. மூன்றாவது முறை போனபோது, அவர் உள்ளே பேசிக்கொண்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். செவிலியர் ஒருவர் வந்து, "அக்கா, நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" என்றார். "அவர் வந்த பிறகு" என்றேன். "அவர்தான் மூன்று வாரமாகக் குடிப்பதில்லையே. எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறாரே?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் எட்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் குறட்டை விடுவார். நான் ஒரு மணி வரைக்கும் கேட் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். வீட்டுக்குள் படுத்திருக்கிற ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்பது போல.

உள்ளே உட்காரவைத்து ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, எத்தனை நாள் பசியில்லை, எத்தனை நாள் வேலையில் கவனம் நிற்கவில்லை என்று. கவனம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது: அந்த மாதம் ஒரு பெட்டி முழுக்கச் சைஸ் லேபிள் மாறிப் போயிருந்ததை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்பது. கொஞ்ச நேரம் கழித்து உண்டு என்றேன். போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. உளவியலாளர் சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. மனதில் தோன்றியதைச் சொல்வது குற்றமில்லை. முயன்றுவிட்டவரைக் கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது என்றார். வீட்டில் அதற்கென்று எதையாவது வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். ஒரு பொட்டலம் இருந்தது. அன்று மாலையே அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினேன். அதை எடுத்துக் கொடுக்கத் தம்பியைத்தான் கூப்பிட்டேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

27க்கு 17 வாங்கியிருந்தேன். "வயிற்றெரிச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுங்கள், போதும்" என்றேன். என் பெயரில் தனியாக ஒரு ஓபி சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். குடிகாரரின் மனைவி என்று அதில் எழுதவில்லை. என் பெயர், வயது, அவ்வளவுதான்.

மாத்திரை முதல் வாரம் குமட்டியது. நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். இரண்டு மூன்று வாரம் போனால்தான் வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விழிப்பு வந்தது. இடையில் ஒரு தடவை கூட எழவில்லை. மாத்திரையோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடப் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை முறை அவருடைய சட்டைப் பை, பைக் சீட்டு, வாய் நாற்றம் ஆகியவற்றைச் சோதிக்கிறேன் என்று எண்ணி எழுதிவரச் சொன்னார்கள். பதினொன்று. அதில் வாரத்துக்கு ஒன்று வீதம் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். பத்தொன்பது வருடம் செக்கிங் பார்த்தவளிடம் செக்கிங்கைக் குறை என்றால் எப்படி? இப்போது நான்கில் நிற்கிறேன்.

நடுவில் அவர் ஒருமுறை சறுக்கினார். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. பங்காளிகள், மாமன் மச்சான் எல்லாரும் தென்னந்தோப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாள் குடித்தார். முன்பு என்றால் அதோடு முடிந்திருக்கும். இந்த முறை நான்காம் நாள் அவரே வரிசையில் வந்து நின்றார். உள்ளே யாரும் "ஏன் குடித்தாய்" என்று கேட்கவில்லை. முதல் மடக்குக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைச் சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் யார், வயிறு காலியா, யார் டம்ளரை நீட்டினார். காலையிலிருந்து சாப்பிடவில்லை, பொழுதுக்கும் கறி வேகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த விசேஷத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கையில் ஒரு டம்ளர் மோரை விடாமல் பிடித்திருந்தார். கையில் டம்ளர் இருக்கிற ஆளிடம் இன்னொரு டம்ளரை யாரும் நீட்டுவதில்லையாம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு முறை போனார், கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் பலர் முன்னால் பேச அவருக்கு வரவில்லை.

போவதாக இருந்தால் எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஆதார் நகல், பழைய சீட்டுகள், தண்ணீர், ஏதாவது தின்பண்டம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஷிப்ட் போய்விடும் என்று கம்பெனியில் முன்பே சொல்லிவிடுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்று பெயர், 24 மணி நேரமும் உண்டு, பணம் பிடிக்காது. அவர் சறுக்கிய அந்த மூன்று நாளில் ஒரு இரவு இரண்டு மணிக்கு நான் பேசியிருக்கிறேன். தமிழில்தான் பேசினார்கள்.

எனக்கு மாத்திரையைக் குறைக்கலாமா என்று வரும் வியாழக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. இந்த முறை எட்டு மணி வரிசையில் அவரே நின்று இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கி வைப்பதாகச் சொல்கிறார்; நான் பத்து மணிக்கு வந்தால் போதுமாம்.