மாலைக் கல்லூரியா, ஆன்லைன் படிப்பா?

முழுநேர வேலையை விடாமல் பட்டம் வாங்க இரண்டு வழிகள். மாலைக் கல்லூரியில் நேரம் நம் கையில் இல்லை. 6.30 மணி வகுப்பு இருக்க, 5.45க்கு மேனேஜர் "சின்ன மீட்டிங்" என்றால் பாடமும் போச்சு, வருகைப் பதிவும் போச்சு. ஆனால் புரியாததை அங்கேயே கேட்கலாம். நோட்ஸ் கொடுக்க நாலு பேர் இருப்பார்கள்.

ஆன்லைனில் அலைச்சல் மிச்சம். பதிவான பாடத்தை இரவு 11 மணிக்கும் பார்க்கலாம். பார்க்கலாம்தான், பார்ப்போமா என்பது வேறு விஷயம்! ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்ததெல்லாம் தேர்வுக்கு முந்தைய வாரம் மொத்தமாக வந்து நிற்கும்.

ஷிப்ட் மாறும் வேலை என்றால் ஆன்லைன்தான் சரி. ஆய்வகம் உள்ள படிப்புக்கு நேரடி வகுப்பு. இரண்டும் ஒத்துவந்தால், என்னைக் கேட்டால் மாலைக் கல்லூரி. முதல் செமஸ்டரில் பாடங்களைக் குறைத்து எடுக்க முடியுமா என்று மட்டும் சேரும்முன் கேட்டுவிடுங்கள்.