மளிகைக் கடைக்காரர் கேட்டோம், யார் யாரோ வந்தார்கள்

யூசர் ரிசர்ச்சுக்கு, அதாவது ஆப்பைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே காட்டிக் கருத்துக் கேட்பதற்கு, ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியிடம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மளிகைக் கடைகளின் கடன் நோட்டுக்குப் பதிலாக ஓர் ஆப் செய்கிறோம். அதைக் காட்டிப் பேச 8 கடைக்காரர்கள் வேண்டும் என்று சென்னையில் ஓர் ஏஜென்சியிடம் சொன்னோம். தலைக்கு 3,000 ரூபாய். அதில் 1,200 வருகிறவர் கைக்குப் போக வேண்டும் என்பது பேச்சு. பாதி முன்பணம்.

முதல் இருவரிடம் சந்தேகம் வரவில்லை. மூன்றாமவர் மாலை 7 மணிக்கு வந்தார். கடையில் கூட்டம் மொய்க்கும் நேரம். மனிதர் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. சும்மா கேட்பதுபோல, "அண்ணே, இப்ப அரிசி மூட்டை எத்தனை கிலோ வருது?" என்றேன். "25 தான், வேற என்ன?" என்றார். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்துவிட்டன. அரிசி விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

அழுத்திக் கேட்டதும் போனையே காட்டிவிட்டார். "மளிகைக் கடை, 4 வருஷம்னு சொல்லுங்க" என்று ஏஜென்சியின் வாட்ஸ்அப். போன மாதம் வேறோர் இடத்தில் டாக்ஸி டிரைவராக நடித்தாராம். அவருக்குக் கிடைப்பது 500. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

எங்கள் தப்பும் உண்டு. எந்தப் பதில் சொன்னால் எடுப்போம் என்ற குறிப்போடு, ஆள் தேர்வுக்கான கேள்விகளை அப்படியே ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டோம். "மளிகைக் கடை வைத்திருக்கிறீர்களா?" என்றால் யார் இல்லை என்பார்? "நேற்று என்ன சரக்கு இறங்கியது?" என்று கேட்டிருக்க வேண்டும். கடையிலிருந்தே ரெண்டு நிமிஷம் வீடியோ காலில் பேசியிருக்கலாம். பணத்தையும் நேராக அவர்களுக்கே அனுப்பியிருக்கலாம். 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எங்கள் டீமில் மந்திரம்போலச் சொல்வோம். எந்த 5 பேர் என்பதை யோசிக்கவில்லை.

அப்புறம் கடை கடையாகப் போய் பிஸ்கட் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன் ஒருவரைப் பிடித்து, கடை ஓய்ந்திருக்கும் மதியம் 3 மணிக்கு அவரோடு போனோம். முதல் கடை அண்ணாச்சி ஆப்பைப் பார்த்ததுமே, "போன் நம்பர் போடாம விடமாட்டேங்குதே? நான் 'மாடி வீட்டு அக்கா'ன்னுதான் எழுதுவேன். நம்பர் கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்றார். அதற்கு முன் வந்த மூன்று பேரும் அந்த இடத்தை "ஈஸியா இருக்கு" என்று தாண்டிப் போயிருந்தார்கள்.

ஏஜென்சியைக் கேட்டால் வேறு ஆள் தருகிறோம் என்றார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. நேற்று மெயில் மட்டும் வந்தது: மீதி 12,000 எப்போது தருவீர்கள்?