அல்வாக் கடைக்கு எது தோது: காம்போசிஷனா, ரெகுலரா?

ஜி.எஸ்.டி. கட்ட இரண்டு வழி உண்டு: விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டுவது காம்போசிஷன்; முழு வரி போட்டு, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுவது ரெகுலர். மார்ச் நெருங்கினால் நெல்லை டவுன் ரத வீதிகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஒரு சதவீதம் கட்டுனாப் போதுமாமே அண்ணாச்சி?" என்பார்கள். அந்த ஒரு சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யாருக்கு விற்கிறோம், எங்கே விற்கிறோம், என்ன வாங்குகிறோம் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் சதவீதத்துக்கு வர வேண்டும்.

ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள், அதுவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் சரக்கு வியாபாரிக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே வேண்டாம். அதற்கு மேல் 1.5 கோடி வரைதான் இந்தக் கேள்வி. காம்போசிஷனில் விற்பனையில் 1%. பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. இதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியையும், அதாவது இன்புட்டையும், கழிக்க முடியாது. ரெகுலரில் அல்வாவுக்கு 5%. இன்புட் போக மீதியைக் கட்டுகிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி உட்பட ஒரே விலையில், கல்லாவில் வருஷம் ஒரு கோடிக்கு விற்கிற கடை. ரெகுலர் என்றால் அந்தக் கோடிக்குள் வரி 4.76 லட்சம். நெய் 25 லட்சம், சர்க்கரை 15 லட்சம் என்று வைத்தால் 5% வீதம் 2 லட்சம் இன்புட். கமர்ஷியல் சிலிண்டர் 5 லட்சத்துக்கு 18%, அது 90 ஆயிரம். ஆக 2.9 லட்சம் கழியும். கட்ட வேண்டியது 1.86 லட்சம். காம்போசிஷனில் கட்டுவது 1 லட்சம்தான். கழிக்க முடியாத 2.9 லட்சத்தையும் சேர்த்தால் 3.9 லட்சம். ரெகுலரிலும் அதே 2.9 லட்சத்தை வாங்கும்போதே கட்டிவிடுகிறோம்; அதோடு 1.86 லட்சத்தைச் சேர்த்தால் 4.76 லட்சம். 86 ஆயிரம் மிச்சம், காம்போசிஷனே மேல்.

ஆனால் நெய்க்கு 12% இருந்த நாளில் இதே கடைக்கு இன்புட் 4.65 லட்சம். அப்போது ரெகுலர்தான் லாபம். 2025 செப்டம்பர் 22 முதல் நெய் 5 சதவீதத்துக்கு இறங்கியதும் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. பழைய கணக்கை வைத்தே ரெகுலரில் இருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது நல்லது. ஒரு கோடி விற்பனைக்கு இன்புட் 3.76 லட்சத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் எல்லைக்கோடு. பத்து லட்சத்துக்கு, 18% வரியில் எந்திரம் வாங்குகிற வருஷம் ரெகுலர் முந்திவிடும்.

வாடகையையும் மறக்கக் கூடாது. கட்டட உரிமையாளர் பதிவு பெறாதவர் என்றால், வாடகைக்கு 18% வரியை ரெகுலர் கடைக்காரரே கட்டிப் பிறகு இன்புட்டாக எடுக்க வேண்டும். 2025 ஜனவரி 16 முதல் காம்போசிஷன்காரர்களுக்கு இந்தச் சுமை இல்லை.

இத்தனை கணக்கையும் ஒரு பார்சல் மாற்றிவிடும். காம்போசிஷனில் இருந்துகொண்டு அறுநூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கு அல்வா அனுப்பலாம். ஆனால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் புனலூருக்கு ஒரு கிலோ கூரியர் போடக் கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்றாலே அந்தத் தகுதி போய்விடும். வெளிமாநிலத்திலிருந்து நெய் வாங்கத் தடையில்லை, விற்கத்தான் தடை. திருவனந்தபுரம், பெங்களூரு ஆர்டர் வருகிற கடைக்கு ரெகுலரைத் தவிர வேறு வழியே கிடையாது. பில் வைத்து இன்புட் எடுக்கிற மொத்தக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர்களுக்கும் ரெகுலர்தான் நல்லது. காம்போசிஷன் பில்லில் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது, விலையைக் குறைக்கச் சொல்வார்கள்.

மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரியும் தொழில் வரியும் இதனால் மாறாது. இரண்டும் அரையாண்டுக் கணக்கு. தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது.

காம்போசிஷனுக்கு மாறுவதென்றால் மார்ச் 31க்குள் சி.எம்.பி-02 படிவம் போட வேண்டும். அன்று கையிருப்பில் உள்ள நெய், சர்க்கரைக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் மாறப்போகிறவர்கள் பிப்ரவரியிலேயே கொள்முதலைக் குறைத்து, குடோனைக் காலியாக்கிக்கொண்டு வருவது நல்லது.